டிடிஎஸ் 140தான், ஆனாலும் மஞ்சக்காமாலை

போன வருசம் மாரியம்மன் நோம்பி முடிந்து மூன்று வாரம் இருக்கும். பாப்பா சோறு வேண்டாம் என்றாள். நோம்பிப் பலகாரம் இன்னும் செரிக்கவில்லை போல என்று விட்டுவிட்டோம். வாசலில் வெயிலுக்கு நேராக நிறுத்தி, கீழ் இமையை இழுத்துப் பார்த்தது எங்கள் அமுச்சிதான். "கண்ணு மஞ்சளா இருக்குது சாமி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, கீழாநெல்லி தேடி அவர் தோட்டத்துப் பக்கம் கிளம்பிவிட்டார்.

ரத்தப் பரிசோதனையில் ஹெப்படைட்டிஸ் ஏ, தண்ணீர் வழியாகவும் தொற்றுகிற மஞ்சக்காமாலை. டாக்டர் முதலில் கேட்டது, "எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். "ஆத்துத் தண்ணிங்க டாக்டர். மீட்டர் வச்சுப் பாத்தேன், டிடிஎஸ் 140தான்."

"மீட்டர்ல கிருமி தெரியாதுங்களே" என்றார்.

நம்ம பக்கத்தில் தண்ணீர் என்றால் இரண்டே ஜாதி. பவானியோ காவிரியோ குழாயில் வந்தால் நல்ல தண்ணி, போர் தண்ணி உப்புத் தண்ணி. எங்கள் வீட்டுப் போரில் 1,400 காட்டும். இட்லிச் சட்டியின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், பருப்பு வேக நேரமாகும். அதனால் நாக்குக்கு இனிப்பாக இருந்தால் நல்ல தண்ணி என்று மனசில் பதிந்துவிட்டது. அந்த மீட்டர் காட்டும் டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு மட்டும்தான். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 2,000 வரை குடிக்கலாம். ஒரு குடத்தில் ஒரு டம்ளர் சாக்கடை கலந்தாலும் அந்த எண் பெரிதாக நகராது.

இந்தக் கிருமி உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகுமாம். பின்னோக்கி எண்ணிப் பார்த்தோம். நோம்பிக்கு முந்தின வாரம், பத்து நாள் கழித்துத் தண்ணீர் விட்டார்கள். முதல் இரண்டு குடத்தில் ஒரு கசட்டு வாடை. வீட்டுக்காரி அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு, வாடை போனதும் மற்றதைச் சம்புக்குள் விட்டுவிட்டாள். ஒரம்பரை வரும் நேரம், யார் யோசிப்பது?

குடிநீர் அலுவலகத்தில் போய்ச் சொன்னால், "வேற யாரும் சொல்லலீங்களே" என்றார்கள். உதவியது தண்ணி விடுகிற அண்ணன்தான். அவரிடம் ஒரு சின்னப் பெட்டி, அதில் கண்ணாடிக் குழலும், குளோரின் இருந்தால் மஞ்சளாகிற சொட்டு மருந்தும். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்து மருந்து விட்டார், எலுமிச்சை மஞ்சள். வீதி முனையில் மங்கலாக மஞ்சள். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் அப்படியே நிறமில்லாமல் நின்றது. "கடைசி வீடு வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் நிக்கணுமுங்க. இங்க நடுவுல ஏதோ அதைத் தின்னுடுது" என்றார்.

தோண்டினோம். எங்கள் இணைப்புக் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில், பழைய இரும்புக் குழாய் துருவேறி, கம்பு மணி அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் கறுப்புச் சேறு. தண்ணீர் ஓடும்போது அந்த ஓட்டை வெளியே பீய்ச்சும், ஒன்றும் உள்ளே வராது. நிறுத்திய பிறகுதான் வினை. குழாய் வடியும்போது வெற்றிடமாகி, வெளியே நிற்பதை உள்ளே இழுக்கும். பத்து நாள் நிறுத்தி ஒரு நாள் விட்டால் அத்தனை நாளும் அது சாக்கடைக்குள்தான் கிடக்கிறது. மோட்டார் மாட்டி உறிஞ்சினால் தண்ணீர் ஓடும்போதே இழுக்கும். ஒளிப்பானேன், எங்கள் வீட்டிலும் மோட்டார் இருந்தது.

குழாயை மாற்றி, சாக்கடைக்கு மேலே ஏற்றிக் கொண்டுபோனோம். சம்பை இறைத்து, தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். கழுவுவதற்கு முன்னால் அதே அண்ணன் சோதனை மருந்து போட்ட ஒரு சின்னப் பாட்டிலில் சம்புத் தண்ணீரைப் பிடித்து மூடி, ஜன்னலில் வைக்கச் சொன்னார். மலக் கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் கறுக்குமாம். மறுநாள் காலையில் கண்மை மாதிரி இருந்தது. அதைத்தான் இத்தனை நாளாக டம்ளரில் ஊற்றிக் குடித்திருக்கிறோம். கழுவிய பிறகு பிடித்த பாட்டில் இரண்டு நாள் ஆகியும் கறுக்கவில்லை. பாப்பா தேற ஒன்றரை மாசம் ஆனது.

உங்கள் வீட்டுக் கதைகளையும் சொல்லுங்கள்.

சென்னிமலைப் பக்கமிருந்து:

எங்களுக்குக் கதை நேர் எதிருங்க. இங்கே மீட்டர்தான் எங்களைக் காப்பாற்றியது. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்கென்று கட்டியது. நொய்யலில் வந்த திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் தேங்கியதுதான் மிச்சம். எங்கள் அப்பாரு கிணற்றில் ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்று ஆனது. ஆனால் மண்ணுக்குள் இறங்கினது இறங்கினதுதான். போன மாசம்கூட அந்தக் கிணற்றில் மூவாயிரத்துக்கு மேல் காட்டியது. குடிக்கக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான்.

கோபியிலிருந்து:

ஆடியில் மேற்கே மழை பிடித்தால் ஆற்றில் செந்தண்ணி வரும். எங்கள் அப்பத்தா மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார், மண் எல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே கண்ணாடி மாதிரி தெளியும். அதற்கப்புறமும் கொதிக்க வைத்துத்தான் தருவார். தெளிவு வேறு, சுத்தம் வேறு என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் கொதிக்க வைப்பது மருந்தாகாது. எங்கள் நங்கையாவுக்குப் பிறந்த ஊர் தருமபுரிப் பக்கம். போர் தண்ணீரில் புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டியதைக் குழந்தையிலிருந்தே குடித்து வளர்ந்ததில் பல்லில் பழுப்புக் கோடு விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோவார். காய்ச்சினால் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்த அவர் அண்ணன் பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து:

சிறுவாணி குடித்த நாக்குக்கு வேறு எதுவும் இறங்காது. பொண்ணைக் கட்டிக் கொடுத்த ஊரில் தண்ணீர் சப்பென்று இருக்கிறது. பேசாமல் ஆர்.ஓ. வாங்கிக் கொடுத்துவிடலாமா? அப்புறம் முதலில் எழுதினவருக்கு ஒரு கேள்வி: மோட்டாரைக் கழட்டிட்டீங்களா?

முதலில் எழுதியவர்:

உப்பு அதிகமாக இருந்தால் ஆர்.ஓ. வாங்குங்கள், ஆற்றுத் தண்ணீருக்கு அது தேவையில்லைங்க. பாதிக்கு மேல் தண்ணீரைக் கழிவாக வெளியே தள்ளும். நாங்கள் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கிறோம், அவ்வளவுதான். வாங்குவதற்கு முன்னால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒரு பாட்டில் கொடுத்துப் பாருங்கள். உப்பா கிருமியா என்று தெரிந்துவிடும்.

மோட்டாரைக் கழட்டியாச்சுங்க. பக்கத்து வீட்டு மாமா இன்னும் கழட்டவில்லை. அவர் சுவிட்சைப் போட்டதும் எங்கள் குழாய் நூலாகிவிடும். போன முறை சம்பு பாதிகூட நிறையவில்லை. அந்த நூலிலும் முதல் கால் மணி நேரத் தண்ணீர் தென்னைக்குத்தான் போகிறது.