ஸ்டார்ட்அப் செய்தி எழுதுபவர்களுக்கு: முதலீட்டுத் தொகையைச் சரிபார்ப்பது எப்படி? பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

வைகைக்கரை

வணக்கம். தமிழ் இதழ் ஒன்றில் இணைய ஸ்டார்ட்அப் பக்கம் அடுத்த மாதத்திலிருந்து என் பொறுப்பு. இதுவரை எழுதியதெல்லாம் கைபேசி, லேப்டாப் விமர்சனங்கள்தான். இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும்.

"இந்த நிறுவனம் 60 கோடி ரூபாய் திரட்டியது" என்று பத்திரிகைக் குறிப்பு வருகிறது. நிறுவனரும் அதையேதான் சொல்வார். அந்தத் தொகை உண்மையா என்று வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? அடுத்தது பயணம். மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை பெங்களூரு, வருடத்துக்கு ஒன்றிரண்டு வெளிநாட்டு மாநாடு. விசா, கருவிகள், செலவை யார் ஏற்பது, எல்லாவற்றிலும் இந்தத் துறையில் இருப்பவர்களின் யோசனை தேவை.

கணக்குநோட்டு

முதல் கேள்விக்குப் பதில் கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் இருக்கிறது. கணக்குத் தொடங்கி, ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த பொது ஆவணங்கள் எல்லாம் திறக்கும். பார்ப்பதற்குக் கால வரம்பு உண்டு. அதனால் திறந்த கையோடு எல்லா பிடிஎஃப்களையும் இறக்கி, தேதியைப் பெயரில் போட்டுச் சேமித்துவிடுங்கள். கவனம்: செயலியின் பெயரும் நிறுவனத்தின் பதிவுப் பெயரும் பெரும்பாலும் வேறு. செயலியின் 'விதிமுறைகள்', 'தனியுரிமை' பக்கங்களின் அடியில் பிரைவேட் லிமிடெட் பெயர் இருக்கும். அதை வைத்துத் தேடுங்கள்.

முதலீட்டுச் செய்திக்கு நீங்கள் தேடவேண்டிய படிவம் பிஏஎஸ்-3. தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்கினால் 15 நாளுக்குள் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு, என்ன விலையில் என்ற பட்டியல் இணைப்பில் இருக்கும். 'மற்ற படிவங்கள்' என்ற பிரிவுக்குள் தேடுங்கள். அதற்கு முன்பே பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் எம்ஜிடி-14 படிவமாக வந்துவிடும். பல முதலீட்டுச் செய்திகள் அறிவிப்புக்கு முன்பே வெளியாவது இப்படித்தான்.

ஒரு கற்பனைக் கணக்கு. பிஏஎஸ்-3இல் 15,000 முன்னுரிமைப் பங்குகள் (பின்னால் சாதாரணப் பங்காக மாறக்கூடியவை), முகமதிப்பு 100 ரூபாய், அதற்கு மேல் முதலீட்டாளர் தரும் பிரீமியம் 39,900 ரூபாய் என்று இருக்கிறது. ஒரு பங்கு 40,000 ரூபாய். வந்த பணம் 60 கோடி. புதிதாகப் பார்ப்பவர்கள் முகமதிப்பை மட்டும் பெருக்கி 15 லட்சம் என்று குழம்புவார்கள். பிரீமியம் தனி வரியில் இருக்கும், இரண்டையும் கூட்டுங்கள். இனி நிறுவனத்தின் மதிப்பீடு. புதுப் பங்குகளோடு சேர்த்து, எல்லாம் மாற்றப்பட்டதாகக் கொண்டால் மொத்தம் 2,00,000 பங்குகள் என்றால், முதலீட்டுக்குப் பிந்தைய மதிப்பு 800 கோடி, முந்தைய மதிப்பு 740 கோடி. அந்த 2,00,000இல் ஊழியர்களுக்கு ஒதுக்கிய 20,000 பங்கை விட்டுவிட்டால் பிந்தைய மதிப்பு 720 கோடிதான் வரும். இரண்டு இதழ்களில் இரண்டு மதிப்பீடு வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊழியர் பங்கைச் சேர்த்தீர்களா இல்லையா என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். முன்னுரிமைப் பங்கு ஒன்றுக்கு ஒன்று என்றே மாறும் என்று எண்ணிவிடாதீர்கள். மாற்று விகிதம் தீர்மானத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள்.

குறிப்பில் 60 கோடி, படிவத்தில் 35 கோடி என்று இருந்தால் உடனே பொய் என்று எழுதிவிட வேண்டாம். மீதி அடுத்த தவணையில் வரலாம். மீதி கடனாக இருக்கலாம். சொத்தை ஈடாகக் காட்டிய கடன் என்றால் சிஎச்ஜி-1 படிவம் வந்திருக்கும். அல்லது பழைய முதலீட்டாளர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றிருக்கலாம். அந்தப் பணம் நிறுவனத்துக்கே வராது, பிஏஎஸ்-3இலும் தெரியாது; ஆண்டு அறிக்கையான எம்ஜிடி-7இல் பங்கு மாற்றப் பட்டியலில்தான் தெரியும். நிறுவனரிடம் கேட்கவேண்டிய கேள்வி: "இதில் புதுப் பங்குக்கு வந்தது எவ்வளவு, கடன் எவ்வளவு, கைமாறியது எவ்வளவு?" மூன்றுக்கும் தனித்தனி எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

வருமானம், நஷ்டம் பார்க்க ஏஓசி-4. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்து 30 நாளுக்குள் வரவேண்டும். கூட்டத்துக்குக் கெடு செப்டம்பர் 30 என்பதால் அக்டோபர் கடைசியில் வந்து குவியும். வராமல் போனால் அதுவே செய்தி. பைஜூஸ் நிறுவனத்தின் 2020-21 கணக்கு 2022 செப்டம்பரில்தான் வெளிவந்தது. நஷ்டம் 4,588 கோடி ரூபாய். 2023 ஜூனில், கணக்குகள் தாமதமாவதைச் சொல்லியே டெலாய்ட் தணிக்கையிலிருந்து விலகியது. இப்படித் தணிக்கையாளர் விலகினால் ஏடிடி-3 என்ற படிவம் வரும். நீங்கள் தொடர்ந்து எழுதும் நிறுவனங்களுக்கு மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பது நல்லது.

அலைவரிசை

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய் நிறுவனம் இந்தியாவில் இல்லையென்றால் எம்சிஏவில் பாதிதான் தெரியும். அமெரிக்காவில் பதிவான நிறுவனம் தனிப்பட்ட முறையில் பணம் திரட்டினால், முதல் விற்பனையிலிருந்து 15 நாளுக்குள் 'ஃபார்ம் டி' தாக்கல் செய்யவேண்டும் என்பது விதி. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பங்குச் சந்தைக்குப் போகும் நிறுவனமாக இருந்தால் எஸ்-1 ஆவணம் இருக்கும். 2010இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 ஆகஸ்டில் தாக்கல் செய்த எஸ்-1ஐ ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 2020 வருமானம் 24.97 கோடி டாலர் என்பதைத் தாண்டி, வாடிக்கையாளர்கள் எப்படி எண்ணப்படுகிறார்கள், எது எதில் ஆபத்து என்று நிறுவனமே சட்டப் பொறுப்போடு சொல்லும் பகுதி அதில் இருக்கிறது. எந்தப் பேட்டியிலும் அவ்வளவு கிடைக்காது. சிங்கப்பூர்த் தாய் நிறுவனம் என்றால் 'பிஸ்ஃபைல்' தளத்தில் கட்டணம் கட்டிப் பங்குதாரர் விவரத்தை வாங்கலாம்.

ஆட்குறைப்புச் செய்திக்கு, வருங்கால வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ தளத்தின் நிறுவனத் தேடல் உதவும். மாதவாரியாக எத்தனை பேருக்குப் பிஎஃப் கட்டப்பட்டது என்று தெரியும். ஒப்பந்த ஊழியர்களும் டெலிவரி செய்பவர்களும் அந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள் என்பதால், அதை மொத்த ஊழியர் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள். போக்கைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

வைகைக்கரை

மிக்க நன்றி. இடையில் ஒன்று கேட்கிறேன். ஒரு நிறுவனத்தின் நஷ்டம் அது அந்த வருடம் மொத்தமாகத் திரட்டிய பணத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது. இல்லாத பணத்தை எப்படி இழக்க முடியும்?

கணக்குநோட்டு

இந்தியக் கணக்கியல் தரத்தில், மாற்று விகிதம் நிலையாக இல்லாத முன்னுரிமைப் பங்கு கடன் போன்ற பொறுப்பாகக் காட்டப்படும். நிறுவனத்தின் மதிப்பீடு ஏறினால் அந்தப் பொறுப்பும் ஏறும். ஏறிய தொகை லாப நஷ்டக் கணக்கில் நஷ்டமாக விழும். ஒரு ரூபாய்கூட வெளியே போயிருக்காது. 'நியாய மதிப்பு மாற்றம்' என்ற வரியைத் தேடுங்கள், பணப்புழக்க அறிக்கையின் தொடக்கத்தில் அதே தொகை திரும்பக் கூட்டப்பட்டிருக்கும்.

உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதற்கு, செயல்பாட்டுப் பணப்புழக்கம் என்ற எண்ணை 12ஆல் வகுங்கள். கையிருப்பைப் பார்க்கும்போது ரொக்கத்தோடு நின்றுவிடாமல் வங்கி வைப்பு, மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரட்டிய பணத்தைப் பல நிறுவனங்கள் அங்கேதான் வைக்கும். ரொக்கத்தை மட்டும் பார்த்து "இரண்டு மாதத்துக்குத்தான் பணம்" என்று எழுதினால் அந்த நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்களை வீணாகக் கலங்கடிக்கிறோம். இதில் அவசரமே கூடாது.

ரயிலடி

பயணத்துக்கு வருகிறேன். மதுரை–பெங்களூரு வந்தே பாரத் விடிகாலையில் கிளம்பினாலும் கண்டோன்மென்ட் போய்ச் சேர மதியம் ஆகிவிடும், ஒரு நாள் பேட்டிக்கு அது சரிவராது. தூத்துக்குடி–மைசூரு எக்ஸ்பிரஸில் இரவு மதுரையில் ஏறினால் காலையில் கேஎஸ்ஆர் நிலையத்தில் இறங்கலாம். எச்எஸ்ஆர் லேஅவுட் போக வேண்டுமானால் ஆட்டோவுக்குப் பேரம் பேசவேண்டாம். ஊதா தடத்தில் மெஜஸ்டிக், அங்கே பச்சைக்கு மாறி ஆர்.வி. ரோடு, அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தில் சில்க் போர்டு. இந்திரா நகருக்கு ஊதா தடமே போகும்.

பேட்டிகளை நேரத்தைப் பார்த்து அடுக்காமல் இடத்தைப் பார்த்து அடுக்குங்கள். எச்எஸ்ஆரும் கோரமங்களாவும் ஒரு நாள். பெல்லந்தூர், மாரத்தஹள்ளி இன்னொரு நாள். ஒயிட்ஃபீல்டையும் கோரமங்களாவையும் ஒரே மாலையில் வைத்தால் இரண்டாவது பேட்டி கைநழுவிவிடும். நிறுவனரை மட்டும் பார்த்துத் திரும்புவது பயணச் செலவுக்கே நஷ்டம். விற்பனையாளர், வாடிக்கையாளர், பழைய ஊழியர் என ஒரு நிறுவனத்துக்கு இரண்டு பேரையாவது கூடுதலாகப் பாருங்கள். ஆவணத்தில் உள்ளதை ஊரிலேயே படித்து முடித்துவிட்டு, ஆவணத்தில் இல்லாததற்காக ரயிலேறுங்கள்.

பேட்டிப் பதிவுக்கு: கைபேசியைத் திருப்பி வைக்காமல், மைக் இருக்கும் அடிப்பகுதி பேசுபவரைப் பார்க்கும்படி வையுங்கள். விமான முறையில் போட்டுவிடுங்கள். பல கைபேசிகளில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். காபி மெஷின் பக்கம் உட்காரவேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் எண்களில்தான் அதிகம் தவறும். அதனால் எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

வெளிநாட்டில் முதல் சிக்கல் விசாதான். அமெரிக்கா போய்ச் செய்தி சேகரிக்கச் சுற்றுலா, வணிக விசா போதாது. செய்தியாளருக்கான 'ஐ' விசா வேண்டும். மாநாட்டில் பார்வையாளராக உட்காருவது வேறு, அதைப் பற்றி எழுதுவது வேறு. சிங்கப்பூரில் அரசு அமைப்பின் ஆதரவு இல்லாமல் செய்தி சேகரிக்கப் போனால் 'மிஸலேனியஸ் ஒர்க் பாஸ்' எடுக்கவேண்டும். லிஸ்பன் வெப் சம்மிட், ஹெல்சிங்கி ஸ்லஷ் மாநாடுகள் இரண்டுக்கும் ஷெங்கன் விசா. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். இவை இரண்டும், சிங்கப்பூர் ஃபின்டெக் விழாவும், பெங்களூரு டெக் சம்மிட்டும் வழக்கமாக நவம்பரில்தான் வரும். எல்லாவற்றுக்கும் ஆசைப்படாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஊடக அனுமதிக்கு ஆசிரியர் கடிதமும் சமீபத்திய கட்டுரைகளும் கேட்பார்கள். தமிழ்க் கட்டுரை என்றால் இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கத்தோடு அனுப்புங்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான். வரம்பு 100 வாட்-அவர். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-அவர், தாராளமாகப் போகலாம். எழுத்து அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். இணையத்துக்கு இ-சிம் வாங்கினாலும் வங்கி ஓடிபி வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங்கை இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். மாநாட்டு அரங்கின் வைஃபை கூட்டத்தில் படுத்துவிடும். கட்டுரையை இணையம் இல்லாமல் திறக்கும் கோப்பில் எழுதுங்கள்.

இரவுப்பணி

கேட்டதில் 'செலவை யார் ஏற்பது' மட்டும் விடுபட்டிருக்கிறது, முக்கியமானதே அதுதான். நிறுவனம் டிக்கெட்டும் ஓட்டலும் தந்தால், ஆசிரியரின் எழுத்துமூல ஒப்புதலுக்குப் பிறகே ஏற்கவேண்டும். கட்டுரையின் கீழே "பயண, தங்குமிடச் செலவை இன்ன நிறுவனம் ஏற்றது" என்று ஒரு வரி போடவேண்டும். எழுதும் துறையில் பங்கு வாங்குவது, ஏஞ்சல் முதலீடு (தொடக்கநிலை நிறுவனத்தில் சொந்தப் பணம் போடுவது) செய்வது இரண்டும் வேண்டாம். ஸ்டார்ட்அப் செய்தித் தளமான டெக்கிரஞ்சின் நிறுவனர் மைக்கேல் ஆரிங்டன் 2011இல் கிரஞ்ச்ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியைத் தொடங்கியபோது எழுந்த சர்ச்சையில், அவர் உருவாக்கிய தளத்தைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

எம்பார்கோ, அதாவது குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சலின் தலைப்பில் 'எம்பார்கோ' என்று எழுதி அனுப்பிவிட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தாது. விவரம் வருவதற்கு முன்பே நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால்தான் ஒப்பந்தம், சொல்லிவிட்டால் ஒரு நிமிடம்கூட மீறக்கூடாது. 'பெயர் போடவேண்டாம்' என்பதும் அப்படியே, பேசுவதற்கு முன் முடிவாகவேண்டும். பேசி முடித்தபின் வந்தால் ஏற்பது உங்கள் விருப்பம். வேலைக்கே ஆபத்து வரக்கூடிய சாதாரண ஊழியர் கேட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். கட்டுரையை முழுதாக முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு, எண்களையும் பெயர்களையும் மட்டும் அனுப்பிச் சரிபாருங்கள்.

எண்களில் ஒரு எச்சரிக்கை: 7 மில்லியன் டாலர் என்பது 70 லட்சம் டாலர். அதை 7 கோடி டாலர் என்று போட்ட தலைப்புகளை அடிக்கடி பார்க்கமுடிகிறது. நேரத்திலும் அப்படித்தான். நியூயார்க் காலை 9 மணி என்றால் அங்கே கோடை நேரம் இருக்கும்போது நமக்கு மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு 7.30. அமெரிக்காவும் ஐரோப்பாவும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் எம்பார்கோ நேரத்தை அனுப்பியவரிடமே இந்திய நேரத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிவையுங்கள்.