வயிற்றால் மூச்சு விட்டால் டென்ஷன் குறையுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஜன்னலோரம்
எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போய்வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு இடுப்பு வலிக்காக எடுத்தார்கள். கண்ணைத் திறந்தால் மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் கூரை. வலது கையில் ரப்பர் பந்து. அதை அமுக்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். கட்டைவிரல் அதை விட்டு நகரவே இல்லை. அப்போதுதான் இந்த வயிற்று மூச்சு ஞாபகம் வந்தது. இடது கையை வயிற்றின் மேல் வைத்து, இழுக்கும்போது கை ஏறுகிறதா, விடும்போது இறங்குகிறதா என்று அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு மூச்சு போயிருக்கும், பந்தை மறந்தே போனேன். திடீரென்று காதுக்குள் ஒரு குரல்: "வயித்த ரொம்ப ஆட்டாதீங்க, படம் கலையுது. சாதாரணமா மூச்சு விடுங்க." சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாதே! மிச்ச நேரம் பிரச்சினையில்லாமல் போனது. என்னைக் காப்பாற்றியது மூச்சா, அந்தக் குரலா என்று இன்னும் குழப்பம்.

பழைய சைக்கிள்
எனக்கு நேர் எதிராக நடந்தது. இன்டர்வியூவுக்கு வெளியே காத்திருக்கும்போது "நல்லா ஆழமா மூச்சு இழு" என்று எல்லோரும் சொல்வதைச் செய்தேன். நெஞ்சு நிறைய இழுத்து, உடனே விட்டு, மறுபடி இழுத்து. நாலைந்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தால் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டு நிமிரவே மாட்டேன் என்கிறது. "தண்ணி வேணுமா சார்?" என்று வரவேற்பில் இருந்த பெண் கேட்ட முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. தேவைக்கு மேல் மூச்சு விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது என்றார் டாக்டர். வேலை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

கோழித்தூக்கம்
4-7-8 முறை: நாலு எண்ணி இழு, ஏழு எண்ணி நிறுத்து, எட்டு எண்ணி விடு. ஏழு வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். சரியாகத்தான் எண்ணினேனா என்ற கவலையிலேயே விடிந்துவிட்டது.

சரியாச்சொல்வேன்
மேனேஜர் போனில் கத்தும்போதெல்லாம் நான் இதைத்தான் செய்கிறேன், வேலை செய்கிறது. என் கதை அவ்வளவுதான். பழைய சைக்கிள் சார், தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் செய்தது வயிற்று மூச்சே இல்லை. காற்று போவது நுரையீரலுக்குத்தான், வயிற்றுக்கு இல்லை. நுரையீரலுக்கு அடியில் குடை மாதிரி இருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும்போது குடலையும் மற்றதையும் அமுக்குகிறது, அதனால் வயிறு முன்னால் வருகிறது. தோள் ஏறினால் அது நெஞ்சு மூச்சு. அப்புறம், நீங்கள் பண்ணிய இன்னொரு தப்பு வேகம். சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை 6 வரைக்கும் மெதுவாக்க வேண்டும். நிறைய இழுப்பதில் விஷயமில்லை, மெதுவாக விடுவதில் இருக்கிறது. இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது வேகஸ் நரம்பு (மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் நரம்பு) வழியாக இறங்கும். நாடியில் விரல் வைத்துப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். கோழித்தூக்கம் தம்பி, ஏழு எண்ண முடியவில்லை என்றால் நிறுத்துவதையே விட்டுவிடுங்கள். மூன்று எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் போதும். டென்ஷன் வந்த பிறகு ஆரம்பிக்காதீர்கள், சும்மா இருக்கும்போது தினமும் ஐந்து நிமிடம் பழகுங்கள். ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், ஒரு மாதம் தினமும் ஐந்தே நிமிடம் நீளமான பெருமூச்சு விட்டவர்கள் தியானம் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

பழைய சைக்கிள்
நான் எங்கேயும் வழி கேட்கவில்லை சார். கட்டைவிரல் மடங்கியதைச் சொன்னேன், அவ்வளவுதான். "ஆழமா இழு" என்று சொல்கிற யாரும் "மெதுவா விடு" என்று சேர்த்துச் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கமே.

ஓரமாநிற்பவள்
அந்த ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள். பதற்றம் தியானம் செய்தவர்களுக்கும் குறையத்தான் செய்தது. உற்சாகம் கூடியதில்தான் மூச்சுப் பயிற்சிக்காரர்கள் முந்தினார்கள்.
என் விஷயம் வேறு. மூச்சைக் கவனி என்றாலே எனக்குப் படபடப்பு ஆரம்பித்துவிடும். அடுத்த மூச்சு தானாக வருமா, நான்தான் இழுக்க வேண்டுமா என்று ஒரு பயம். ஒரு வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருக்க, நான் மட்டும் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு கவுன்சலர், மூச்சை விட்டுவிட்டுப் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொன்னார். எனக்கு அது ஒத்துவந்தது.

மூணுமாசஅம்மா
ராத்திரி மூன்று மணி, இரண்டு மணி நேரமாக அழுகை. என் வயிற்றின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டேன். அதன் தலை படகு மாதிரி ஏறி இறங்கியது. குழந்தை தூங்கியது என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். இல்லை, விடாமல் அழுதது. ஆனால் என் தாடை இறுக்கம் விட்டது, அன்று நான் யாரிடமும் கத்தவில்லை.

சரியாச்சொல்வேன்
குழந்தைக்கு வாயுத்தொல்லையாக இருக்கலாம் தங்கச்சி, அதற்கு...

மூணுமாசஅம்மா
டாக்டரிடம் காட்டிவிட்டோம் அண்ணா. விடுங்கள்.

ஜன்னலோரம்
அடுத்த வாரம் மறுபடி ஸ்கேன், இந்தத் தடவை கழுத்துக்கு. வயிறு ஆடினால் பரவாயில்லையா என்று உள்ளே போவதற்கு முன்பே கேட்டுவிடப் போகிறேன்.