பேய்க்கும் கொலைகாரனுக்கும் ஃபிளாஷ்பேக் எதற்கு?

சனிக்கிழமை ரசிகன்

நான் சினிமாவைக் கரைத்துக் குடித்தவன் இல்லை. வாரக் கடைசியில் வீடு அடங்கிய பிறகு ஒரு திரில்லர், ஒரு பேய்ப்படம், இல்லாவிட்டால் ஒரு அடிதடிப் படம் என்று கையில் கிடைத்ததைப் பார்ப்பவன். அப்படிப் பார்த்ததில் ஒரு புகார் சேர்ந்திருக்கிறது. நம் ஆட்கள் முதல் ஒன்றரை மணி நேரம் வயிற்றைக் கலக்குகிறார்கள். அப்புறம் யாரோ ஒருவர் பெருமூச்சு விட்டுப் பழைய கதையை ஆரம்பிப்பார். திரை நிறம் மாறும், வயலின் அழும். அந்தக் கொலைகாரனோ பேயோ ஒரு காலத்தில் எவ்வளவு பாவம் என்று பாடம் நடக்கும். முடிந்து வரும்போது எனக்குப் பயம் போயிருக்கும்.

ராட்சசன் (2018) எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பரிசுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிதைத்த பொம்மைத் தலை. அதற்கு மேல் எதையும் காட்ட வேண்டியதே இல்லை, குலை நடுங்கியது. பிறகு அவன் பள்ளியில் பட்ட அவமானம், உடம்பிலிருந்த நோய், வேண்டாம் என்று சொன்ன பெண் என்று நீள்கிறது கதை. அதே படத்தில் பள்ளிப் பெண்களிடம் அத்துமீறும் வாத்தியார் இன்பராஜுக்கு ஒரு வரி முன்கதை கூடக் கிடையாது. இன்னமும் நினைத்தால் குமட்டுகிறவன் அந்த வாத்தியார்தான், கொலைகாரன் இல்லை.

ஜான் கார்பென்டரின் ஹாலோவீன் (1978) பாருங்கள். ஆறு வயதுப் பையன் அக்காவைக் கத்தியால் குத்துகிறான். ஏன்? படம் வாயே திறக்காது. வளர்ந்த பிறகு அவன் மாட்டிக்கொள்ளும் முகமூடி கூட ஸ்டார் டிரெக் கேப்டனின் மலிவான முகமூடிதான், அதற்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். அந்த வெறும் முகத்தில் எதையும் படிக்க முடியாது. 2007இல் அதை மறுபடி எடுத்த ராப் சோம்பி அவனுக்கு ஒரு மோசமான வீட்டையும் பரிதாபமான பிள்ளைப் பருவத்தையும் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது கோபக்கார தடியன் ஒருவன்.

தாமிரபரணித் தண்ணி

தம்பி, கொலைகாரனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பேயை விட்டுவிடுங்கள்.

வெள்ளைக்காரப் பேய்க்குக் காரணம் தேவையில்லாமல் இருக்கலாம். நம்ம பேய்க்குக் காரணம்தான் உயிர். பழையனூர் நீலி யார்? புருஷன் கையால் செத்தவள். எங்கள் பக்கம் இசக்கியம்மன் கோயில் இல்லாத ஊர் குறைவு. கதை கேட்டால், அநியாயமாகச் செத்தவள் திரும்பி வந்து நியாயம் கேட்டாள் என்பார்கள். அவளுக்குப் பயந்துதான் கும்பிடுகிறோம், அவள் பட்டதை நினைத்து அழவும் செய்கிறோம். இரண்டும் ஒரே ஆளிடம். ஃபிளாஷ்பேக்கை வெட்டிவிட்டால் மிச்சம் என்ன? வெள்ளைப் புடவையும் கதவு கிரீச்சிடும் சத்தமும்தானே.

காஞ்சனா (2011) பாருங்கள். சரத்குமார் வரும் பகுதி முழுக்க ஃபிளாஷ்பேக்தான். அதை எடுத்துவிட்டால் லாரன்சும் கோவை சரளாவும் இடுப்பில் ஏறி உட்கார்ந்து கத்துவது மட்டும் இருக்கும். ஒரு திருநங்கைக்காகத் தியேட்டரில் குடும்பம் குடும்பமாக அழுதார்கள். எந்த ஆங்கிலப் பேய்ப்படம் இதைச் செய்தது?

இடைவேளை முறுக்கு

சுறாவுக்கே காரணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜாஸ் (1975) படத்தில் சுறா கடிக்கும், ஏனென்றால் அது சுறா. 1987இல் வந்த நாலாவது பாகத்தில் செத்த போலீஸ்காரரின் பெண்டாட்டியைத் துரத்திக்கொண்டு பஹாமாஸ் வரை நீந்தி வருகிறது. பழிவாங்கவாம். அதோடு அந்த வரிசையே படுத்துவிட்டது.

கயல்

பயம் போகிறது என்பது மட்டும் இல்லை பிரச்சினை. அந்த ஃபிளாஷ்பேக் யார் மேல் பழி போடுகிறது என்று கவனித்தீர்களா?

சிகப்பு ரோஜாக்கள் (1978) வந்தபோது அந்தத் துணிச்சலைப் பாராட்டினார்கள், நியாயம்தான். கமல் அப்படி ஒரு வேடத்தில், இளையராஜா பின்னணி, ஸ்ரீதேவி அந்த வீட்டுக்குள் உண்மையை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் இடம். இன்றைக்கும் அந்தக் காட்சிகள் நிற்கின்றன. ஆனால் முன்கதை என்ன? சின்ன வயதில் ஒரு பெண் பொய்ப்பழி போட்டாள். பிறகு அவனை எடுத்து வளர்த்தவரின் மனைவி துரோகம் செய்தாள். ஆகவே அவன் பெண்களைக் கொல்கிறான். வெட்டப்பட்ட பெண்களுக்குப் பெயர் கூட நினைவில்லை, வெட்டியவனுக்கு மட்டும் வரலாறு. ராட்சசனிலும் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதில்தான் வந்து முடிகிறது. போதாததற்கு நோயும் சேர்ந்துகொள்கிறது. உண்மையிலேயே அந்த நோயோடு வாழும் பிள்ளைகள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

தாமிரபரணி அண்ணாச்சி, உங்களுக்கும் ஒன்று. வில்லுப்பாட்டில் இசக்கி கதையைக் கேட்டிருப்பீர்கள். அதில் ஃபிளாஷ்பேக் எங்கே வருகிறது? அவள் பிறப்பு, ஏமாற்றப்பட்டது, கொல்லப்பட்டது, திரும்பி வந்தது என்று வரிசையாகத்தானே பாடுகிறார்கள். நீலி கையில் குழந்தையோடு பழையனூர் சபையில் நின்று, இவர் என் புருஷன், என்னோடு அனுப்பி வையுங்கள் என்று அழும்போது அவள் பேய் என்று பாட்டைக் கேட்கிறவனுக்குத் தெரியும். சபையில் இருந்த எழுபது வேளாளர்களுக்குத் தெரியாது. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் உயிரைக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது. காரணத்தை முதலிலேயே சொல்லிவிட்டதால் வந்த பயம். இடைவேளைக்குப் பிறகு செருகியதால் வந்தது இல்லை. நாட்டார் மரபு என்று நீங்கள் சொல்வது வேறு, சினிமாக்காரர்கள் செய்வது வேறு.

பழைய ரீல்பெட்டி

இளைஞர்கள் ஃபிளாஷ்பேக் என்றாலே வயலின் என்று முடிவு செய்துவிட்டீர்கள். 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த அந்த நாள் படத்தில் பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. படம் ஆரம்பித்ததும் சிவாஜி சுடப்பட்டு விழுந்துவிடுவார். மிச்சப் படம் முழுவதும் ஆளுக்கு ஒரு ஃபிளாஷ்பேக். அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவர் வாய் வழியாகவும் செத்தவன் வேறு வேறு ஆளாகத் தெரிவான். அங்கே முன்கதை இரக்கம் கேட்கவில்லை, சந்தேகத்தை வளர்த்தது. போர்க்காலச் சென்னை, ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ரேடியோ என்ஜினீயர் என்று பின்னணியும் பொருந்திப் போகும்.

ஆக, கருவி மேல் குற்றம் இல்லை. ஹிட்ச்காக்கே சைக்கோ (1960) கடைசியில் ஒரு மனநல மருத்துவரை நிற்க வைத்து எல்லாவற்றையும் விளக்க வைத்தார். அதை விமர்சகர்கள் குறைசொன்னது உண்மை. ஆனால் அன்றைய பார்வையாளர் அந்த விளக்கம் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பாரா?

சனிக்கிழமை ரசிகன்

சார், அந்த மருத்துவர் பேசி முடித்ததும் ஹிட்ச்காக் என்ன செய்கிறார்? அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் கொலைகாரன் நார்மன் முகத்துக்குப் போகிறார். அம்மா குரல், கையில் ஓர் ஈ, அப்புறம் அந்தச் சிரிப்பு. மருத்துவர் சொன்ன அத்தனையும் அந்தச் சிரிப்பில் அடிபட்டுப் போகிறது. விளக்கம் போதாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன்.

இன்னொன்று. கோயன் சகோதரர்களின் நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென் (2007). பெட்ரோல் பங்க் கிழவரிடம் அந்தக் கொலைகாரன் காசைச் சுண்டிப் பூவா தலையா கேட்கிறான். எதைப் பந்தயம் வைக்கிறோம் என்று கிழவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவன் கசக்கி வைத்த முந்திரி உறை கவுண்டர் மேல் மெல்ல விரிகிறது, பின்னணி இசை ஒன்றும் கேட்காது. அந்த நேரத்தில் அவன் ஏழாம் வகுப்பில் யாரிடம் அடி வாங்கினான் என்று காட்டினால் எப்படி இருக்கும்? ஜோக்கர் (டார்க் நைட், 2008) தன் வாய்த் தழும்புக்கு ஒரு தடவை ஒரு கதை, இன்னொரு தடவை வேறு கதை சொல்வான். ஃபிளாஷ்பேக் கேட்கிறவர்களைக் கிண்டல் செய்கிற மாதிரியே இருக்கும்.

கயல் சொன்ன நீலி விஷயம் எனக்குப் புதிது. என் பக்கம்தான் சாய்கிறது.

கயல்

உங்கள் பக்கம் முழுக்கச் சாயவில்லை. உங்களுக்குக் காரணமே வேண்டாம் என்கிறீர்கள். எனக்குக் காரணம் வேண்டும், அது மன்னிப்புச் சீட்டு ஆகக் கூடாது.

தாமிரபரணித் தண்ணி

தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. வில்லுப்பாட்டு வரிசையாகத்தான் போகும். ஆனால் கோயில் கொடை விழா பார்க்க வருகிற ஒவ்வொருவனும் கதையை முன்பே நூறு தடவை கேட்டவன். சினிமாவுக்கு வருகிறவன் அப்படி இல்லையே. முதல் ரீலிலேயே காஞ்சனாவைக் கொன்ற கதையைச் சொல்லிவிட்டால், லாரன்ஸ் உடம்பில் வந்தது யார் என்ற கேள்வியே எழாது. புடவை கட்டிக்கொண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு அவர் வந்து நிற்கும்போது வீட்டில் இருப்பவர்கள் மாதிரி நாமும் முழிக்க வேண்டும். தெரிந்து பயப்படுவது ஒரு வகை, தெரியாமல் பயப்படுவது ஒரு வகை.

யாவரும் நலம் (2009) இரண்டையும் சேர்த்துச் செய்தது. மாதவன் தனியாக நின்றால் லிஃப்ட் நகராது. வீட்டுக்குள் அவரைப் போனில் படம் எடுத்தால் முகம் கோணலாக விழும். மத்தியான டிவி சீரியலில் வீட்டில் நடப்பதெல்லாம் அப்படியே நடக்கிறது. கடைசியில் பார்த்தால் அந்த வீட்டில் முன்பு இருந்த குடும்பத்தின் கதை. அந்தக் கதை தெரிந்த பிறகு எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. ரசிகன் தம்பி இதற்குப் பதில் சொல்லட்டும்.

டில்லி லாரி சர்வீஸ்

பேய் ஆட்கள் கொஞ்சம் நகருங்கள், சண்டைப்பட ஆட்களும் வரிசையில் நிற்கிறோம்.

கைதி (2019). பத்து வருடம் ஜெயிலில் இருந்தவன். ஏன் உள்ளே போனான், பெண்டாட்டிக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் லாரிக்குள் வாயாலேயே சொல்கிறான். பழைய வீடு, ஹீரோயின், டூயட் எதையும் லோகேஷ் காட்டவில்லை. கார்த்தி முகம் மட்டும். அந்த ராத்திரி ராத்திரியாகவே இருக்கிறது, கதை ஒரு நிமிடம் கூட ரோட்டை விட்டு இறங்கவில்லை. அதே லோகேஷ் லியோவில் (2023) முழு ஃபிளாஷ்பேக் வைத்தார். தியேட்டரில் எத்தனை பேர் அப்போது போனை எடுத்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முன்கதையே கிட்டத்தட்ட இல்லாமல் எடுத்தாலும் ஓடும். இந்தோனேசியப் படம் தி ரெய்டு (2011), ஜகார்த்தாவில் ஒரு அடுக்குமாடி, கீழே போலீஸ், மேல் மாடியில் தாதா. அவ்வளவுதான் கதை. மிச்சமெல்லாம் பென்சாக் சிலாட் என்கிற அந்த ஊர்த் தற்காப்புக் கலை அடி.

பழைய ரீல்பெட்டி

ரெய்டை நானும் பார்த்தேன். அடி ஒவ்வொன்றும் இடி. அடித்தவன் பெயரை இப்போது கேட்டால் சொல்ல முடியாது. பாட்ஷாவில் (1995) யார் யாரை அடித்தார்கள் என்று கேளுங்கள், தூக்கத்தில் சொல்வேன். அதற்குக் காரணம் ஃபிளாஷ்பேக்தான்.

டில்லி லாரி சர்வீஸ்

சார், பாட்ஷாவை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் படத்தில் மயிர்க்கூச்செறியும் இடம் எது? தங்கைக்கு மெடிக்கல் சீட் கேட்கப் போகும் காட்சி. தங்கை வெளியே நிற்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாணிக்கம் ஏதோ பேசுகிறார், நமக்குக் கேட்காது. எதிரே இருந்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், உண்மையைச் சொன்னேன் என்கிறார். இது ஃபிளாஷ்பேக்குக்கு முன்னால் வருகிறது. அந்த உண்மை என்ன என்று தெரியாதவரைதான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு பவர்.

பழைய ரீல்பெட்டி

தெரியாமலேயே படம் முடிந்திருந்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டிருப்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த கடனை ஃபிளாஷ்பேக்கில் சுரேஷ் கிருஷ்ணா வட்டியோடு தீர்த்தார். கடனே வாங்காமல் வட்டி கட்ட வருகிற படங்கள்தான் உங்களுக்குக் கசக்கின்றன. அதற்கு ஃபிளாஷ்பேக்கை ஏன் தூக்கில் போட வேண்டும்?

இடைவேளை முறுக்கு

இந்த ரூலைச் சுறாவுக்கும் சொல்லிவிடுங்கள் சார்.

சனிக்கிழமை ரசிகன்

பாட்ஷாவை நான் எதிர்க்கவில்லை. அது ஹீரோவின் ஃபிளாஷ்பேக். ஹீரோவைப் பார்த்து நான் பயப்பட வேண்டியதில்லை, அவன் பெரிதாகத் தெரிந்தால் போதும். முன்கதை ஒருவனைப் பெரிதாக்கும். வில்லன் மேல் அதையே வைத்தால் அவன் நமக்குத் தெரிந்தவன் ஆகிவிடுகிறான், தெரிந்தவனுக்கு யார் பயப்படுவார்கள்?

யாவரும் நலம் பற்றி: அண்ணாச்சி சொல்வது சரிதான், அங்கே பயம் குறையவில்லை. பழைய கதை தெரிந்ததும் பேய் யாரைத் தேடுகிறது என்பது புரிகிறது, மாதவனுக்கு வேலை கூடுகிறது. கதை முன்னால் போகிறது. காஞ்சனாவில் அப்படி இல்லை. ஃபிளாஷ்பேக் முடிந்த நிமிடத்திலிருந்து பேய் நம் கட்சி, வில்லன் அடி வாங்கப் போகிறான், நாம் விசில் அடிக்கிறோம். நல்ல படம். பேய்ப்படம் இல்லை.

தாமிரபரணித் தண்ணி

பேய் வருகிறது, ஆள் உடம்பில் ஏறுகிறது, கடைசியில் ஆளைக் கொல்கிறது. இதற்கு மேல் பேய்ப்படத்துக்கு என்ன வேண்டும், ஆதார் கார்டா?

கயல்

ரசிகன், பேய் நம் கட்சி ஆவதில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மூடுபனி (1980) பார்த்துவிட்டு வாருங்கள். பாலு மகேந்திரா எடுத்தது, இளையராஜாவுக்கு நூறாவது படம். கொலைகாரன் தான் கடத்தி வந்த பெண்ணுக்குக் கிட்டார் வாசித்துப் பாடுகிறான், அந்தப் பாட்டைத்தான் ஊரே காதல் பாட்டு என்று ரேடியோவில் விரும்பிக் கேட்கிறது. அவனுக்கும் முன்கதை உண்டு. அந்தப் பெண்ணாக வரும் ஷோபா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டைப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.