பனிக்காலத்தில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டலாமா?

ஒற்றையடி:
முதுகுப்பையோடு குளிர்காலத்தில் தனியாக நடப்பவன் நான். போன பனிக்காலத்தில் ஒருநாள் கூடாரக் கம்பி காற்றில் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இருட்டத் தொடங்கிய நேரம். பாதையோரம் ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, போய்த் தட்டினேன். கதவைத் திறந்த பெரியவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "முதலில் ஈரக் காலுறையைக் கழற்று, மற்றதை அப்புறம் பேசலாம்" என்றார். அவர் மனைவி அடுப்புக்கு மேல் கட்டியிருந்த கயிற்றில் தங்கள் துணிகளை ஒரு பக்கம் தள்ளி, என் காலுறைக்கு இடம் செய்தார். நடைக்குழு நண்பர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நெகிழ்ந்தார்கள், மீதிப் பேர் தட்டியதே தப்பு என்றார்கள். உங்கள் கருத்து என்ன?

கம்பளிப்பூச்சி:
நான் அந்த மீதிப் பேர் கட்சி. யாருக்குக் கதவு திறந்ததோ அவர்கள்தான் கதை எழுதுகிறார்கள். திறக்காத கதவுக்கு முன்னால் நின்றவர்கள் எழுதுவதில்லை, சிலரால் எழுதவே முடிவதில்லை. இந்த மாதிரிக் கதையைப் படித்துவிட்டு அடுத்து வருபவர் என்ன செய்வார்? "வழியில் யாராவது இருப்பார்கள்" என்று பையின் எடையைக் குறைப்பார். வட அட்சரேகை 60 டிகிரியில் டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. வீடு இருக்க வேண்டும், வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவருக்கு மனமும் இருக்க வேண்டும். இத்தனையையும் நம்பி உயிரை வைப்பதா?

ஒற்றையடி:
நான் எதையும் நம்பி வைக்கவில்லையே! கூடாரம், பனிக்கு ஏற்ற உறக்கப்பை, தரைவிரிப்பு எல்லாம் பையில் இருந்தன. முறிந்த கம்பிக்கு மாட்டும் குழாய்கூட இருந்தது, ஒரே ஒரு முறிவுக்கு. எல்லாம் கொண்டுபோனாலும் மலை ஒருநாள் கணக்கை மாற்றும்.

தனிவழி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் தனியாக நடக்கும் பெண். தட்டலாமா என்பதைவிட என்ன கேட்டுத் தட்டுகிறோம் என்பதுதான் எனக்கு முக்கியம். "இரவு தங்கலாமா" என்று நான் ஒருபோதும் ஆரம்பிப்பதில்லை. "சுவர் ஓரமாகக் கூடாரம் போட்டுக்கொள்ளட்டுமா, காற்று மறைவாக இருக்கும்" என்பேன். வீட்டுக்காரர் மறுத்தாலும் அவருக்குச் சங்கடமில்லை. அவர் பேசும் விதத்தைப் பார்த்து, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நானும் முடிவு செய்துகொள்வேன். போவதானால், இருக்கும் இடத்தைத் தோழிக்கு அனுப்பிவிட்டுத்தான் வாசல்படி ஏறுவேன். குளிரில் கைப்பேசி மின்கலம் சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் அதைச் சட்டைக்கு உள்பையில் வைத்திருப்பேன், இதற்காகவே.

கம்பளிப்பூச்சி:
தனிவழி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உறைபனியில் ஒரு பெண் சுவரோரம் படுக்கட்டுமா என்று கேட்டால் எந்த வீட்டுக்காரர் சரி, படுங்கள் என்று கதவைச் சாத்துவார்? அது கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் அவருக்கு வேறு வழியே இல்லை. அதற்கு உபசாரம் என்று பெயர் வைப்பது நமக்கு வசதி. ஆல்ப்ஸில் பல மலைக்குடில்கள் குளிர்காலத்தில் ஆளில்லாமல் மூடியிருக்கும்போதும் நடப்பவர்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்கி வைக்கிறார்கள். அப்படி இடங்கள் உள்ள பாதையாகத் தேர்ந்தெடுங்கள். யாரையும் தர்மசங்கடத்தில் தள்ள வேண்டியதில்லை.

வாசல்விளக்கு:
எல்லோரும் வீட்டுக்காரர் மனசைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டுக்காரி நான் சொல்கிறேன். நடைபாதை முடியும் இடத்தில்தான் என் வீடு. தட்டுகிறவர்கள் எனக்குத் தொந்தரவே இல்லை. தட்டாமல் இழுத்தடிக்கிறவர்கள்தான் தொந்தரவு. ஒரு பையன் வாசலுக்கு வந்து நின்றான். வாய் குழறியது. மேலங்கியின் ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, நான்தான் இழுத்துவிட்டேன். அப்போதும் "எனக்கு ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும் போதும்" என்கிறான்! உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், தடுமாற்றம் என்று வரும். அதற்கும் கீழே போனால் நடுக்கமே நின்றுவிடும். புத்தியும் மங்குவதால் ஆபத்தில் இருப்பது அவர்களுக்கே தெரியாது. வெட்கப்பட்டு, வெட்கப்பட்டு, அந்த நிலையில் வந்து விழாதீர்கள். உங்கள் ஜிப்பை நீங்களே கழற்ற முடிகிறபோதே வாருங்கள்.

ஒற்றையடி:
அக்கா, அந்த மாதிரி நேரத்தில் கொஞ்சம் மது கொடுத்தால் சூடேறும் என்கிறார்களே?

வாசல்விளக்கு:
கொடுக்கவே கூடாது. தோலுக்கு ரத்தம் ஓடி, சூடு இன்னும் வெளியே போகும். கைகாலைத் தேய்க்கவும் கூடாது. ஈரத்தைக் கழற்றி, நெஞ்சையும் வயிற்றையும் முதலில் போர்த்த வேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

கம்பளிப்பூச்சி:
அவசரத்துக்குத் தட்டுவதை நான் மறுக்கவே இல்லை, அக்கா. எதிர்பாராத உபசாரத்தை எதிர்பார்த்துக் கிளம்புகிறார்களே, அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. இன்னொன்று, ஒற்றையடி அந்த வீட்டுக்குப் பணம் கொடுத்தாரா?

ஒற்றையடி:
நீட்டினேன். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. காலையில் வாசல் பனியை வாரித் தள்ளி, விறகு பிளந்து அடுக்கிவிட்டு வந்தேன்.

கம்பளிப்பூச்சி:
எங்காவது வைத்துவிட்டு வந்திருக்கலாம். எரிந்தது அவர்கள் விறகு.

வாசல்விளக்கு:
தலையணைக்கு அடியில் பணம் வைத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் பிடிக்காது, பெரிய குற்றமும் இல்லை. "பத்திரமாகப் போய்ச் சேர்ந்தேன்" என்று ஒரு வரி அனுப்பினால் அதைவிட நிம்மதி. அனுப்பாவிட்டால் இரண்டு நாள் வானிலையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உண்மையான தொல்லை வேறு. தங்கிப்போன ஒருவர் இணைய வரைபடத்தில் என் வீட்டுக்குக் குறி போட்டு "இலவசமாகத் தங்கலாம்" என்று எழுதிவிட்டார். இப்போது வெயில் அடிக்கும் நாளிலும் கூட்டமாக வந்து, படுக்கை எது என்று கேட்கிறார்கள். நீக்கச் சொல்லிப் பார்த்தேன், பதிலே இல்லை.

தனிவழி:
இணைப்பைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அக்கா. நாங்கள் எல்லோரும் புகார் கொடுக்கிறோம்.

கம்பளிப்பூச்சி:
எனக்கும் அனுப்புங்கள். இதில் நான் உங்கள் பக்கம். சுவரோரக் கூடாரத்தில் இல்லை.