களிமண் நிலத்தில் டேலியா: மழைக்கு முன் நடலாமா?

கேள்வி: கொளத்தூர் வாசகி

வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் கால் கிரவுண்டு அளவுக்கு வெற்று நிலம் இருக்கிறது. மண் முழுக்கக் கருங்களி. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. மழை பெய்தாலோ தண்ணீர் இரண்டு நாள் ஆனாலும் வடிவதில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் அதில் குறையின்றி வளர்கின்றன.

கொல்கத்தாவில் இருக்கும் உறவினர் டேலியாக் கிழங்குகளைக் கூரியரில் அனுப்பியிருக்கிறார். ஐப்பசி பிறந்துவிட்ட நிலையில் அவற்றை இப்போதே நட்டுவிடலாமா, மழை ஓயும் வரை பொறுக்க வேண்டுமா? பொறுத்தால் கிழங்கு வீணாகிவிடாதா? ஒரு லோடு மணல் கொட்டிக் கிளறினால் களி இளகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள், அது சரிதானா? பூ தட்டு அகலத்துக்கு இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. செடி பிழைத்துப் பூத்தால் போதும்.

பதில்: பெரம்பூர்த் தோட்டக்காரர்

அம்மா, இந்த மழைக்கு முன் நிலத்தில் நடவே வேண்டாம். டேலியா மெக்சிகோவின் மலைப்பகுதிகளில் தோன்றிய செடி. நீர் நிற்காமல் வடிந்து ஓடும் மண்ணில்தான் அது செழிக்கும். சென்னையில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. பெரம்பூர், கொளத்தூர்ப் பக்கத்துக் களியில் அந்த நீர் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொண்டு காற்றை வெளியேற்றிவிடுவதால், முளைவிடாத கிழங்கு ஒரே வாரத்தில்கூட அழுகத் தொடங்கிவிடும்.

மணல் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். களியின் தன்மை மாற வேண்டுமானால், மொத்தக் கன அளவில் பாதிக்கு மேல் மணல் இருக்க வேண்டும்; ஒரு லோடில் அது நடக்கிற காரியம் இல்லை. குறைவாகக் கலந்தால், மணற்பருக்கைகளின் இடுக்கில் களி புகுந்து இறுகி, காய்ந்ததும் செங்கல்லைப் போலக் கெட்டிப்பட்டுவிடும். அந்தக் காசுக்கு மக்கிய தொழுவுரம் வாங்குங்கள்; இன்றைய மணல் விலையில் கொஞ்சம் மிச்சமும் பிடிக்கலாம்.

குழி தோண்டி, அதில் மட்டும் நல்ல மண்கலவையை நிரப்பி நடும்படியும் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். களி நிலத்தில் அதைவிடக் கெடுதலான முறை இல்லை. சுற்றிலும் களிச்சுவர் இருப்பதால், நாலாபக்கத்து நீரும் இளகிய மண் உள்ள அந்தக் குழிக்குள் இறங்கி, வெளியேற வழியின்றித் தங்கிவிடும். ஆகவே, கீழே தோண்டாமல் மேலே எழுப்புங்கள். மூன்று அல்லது நான்கு அடி அகலத்தில், ஓர் அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி மேட்டுப்பாத்தி கட்டுங்கள். கல் அடுக்கும்போது நீர் வடிய அடிவரிசையில் இடைவெளி விட மறக்க வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு என்ற கணக்கில் நிரப்பினால் போதும்.

அடியில் இருக்கும் களியை ஒரு சாண் ஆழத்துக்குக் கடப்பாரையால் நெகிழ்த்திவிட்டு அதன்மேல் பாத்தியை எழுப்புவது நல்லது. ஆனால், ஈரத்தோடு அதில் கை வைக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். உதிர்ந்து சிதறினால் வேலையைத் தொடங்கலாம். சப்பென்று தரையில் ஒட்டிக்கொண்டால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். சேற்றுப் பதத்தில் கிளறிய களி அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதும் கட்டி தட்டியே கிடக்கும்.

கிழங்குகளைச் சும்மா வைத்திருக்கவும் வேண்டாம். ஆறு அங்குலத் தொட்டிகளில், பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு மட்டும் ஈரமுள்ள நார்த்தூளில் அவற்றைப் பதித்து, சாரல் படாத ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில், சன்ஷேடுக்குக் கீழே வையுங்கள். முளை வெளியே தெரியும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும், மண்கட்டி கலையாமல் மேட்டுப்பாத்திக்கு மாற்றிவிடலாம். நம் ஊரில் மார்ச் கடைசியில் வெயில் ஏறிவிட்டால் மொட்டு விரியாமலே கருகிவிடும் என்பதால், தொட்டியில் முன்கூட்டி வளர்த்துப் பெறும் அந்த ஐந்தாறு வாரங்களை நான் மிகவும் பெரிதாகக் கருதுகிறேன்.

பதில்: திருவொற்றியூர் மாடித்தோட்டம்

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனாலும், கிழங்குகள் பத்துப் பன்னிரண்டுக்குள் இருக்குமானால், இவ்வளவு மண்வேலை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. பதினைந்து அங்குல க்ரோ பேக்கில் நட்டு, இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டால், களிக்கும் உங்களுக்கும் வழக்கே இல்லை. புயல் எச்சரிக்கை வந்தால் வராந்தாவுக்கு நகர்த்திவிடவும் முடியும்.

மண்ணைப் பற்றி மட்டும் பேசுகிறோம், தண்ணீரையும் பாருங்கள். எங்கள் கடலோரப் பக்கம் மணற்பாங்கான நிலம், வடிகாலுக்குக் குறைவே இல்லை. அப்படியிருந்தும் உப்பேறிய போர்வெல் நீரை ஊற்றினால் டேலியாவின் இலை ஓரங்கள் பழுப்பாகிச் சுருள்கின்றன. மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் அதை இதற்கு ஒதுக்குங்கள்.

கொளத்தூர் வாசகி

இருவருக்கும் நன்றி. நிலத்தில் பூக்க வேண்டும் என்பதே விருப்பம் என்பதால், மேட்டுப்பாத்தியே கட்டப்போகிறேன். எங்கள் போர்வெல் நீரும் சற்று உப்புத்தான். களிக்கு ஜிப்சம் போடலாம் என்கிறார்களே, அது பயன் தருமா? வந்த கிழங்குகளில் இரண்டு தனியாக உடைந்திருக்கின்றன. உருளைக்கிழங்கைப் போல அவற்றையும் நடலாமா?

பதில்: மாதவரம் நாற்றுப்பண்ணை

ஜிப்சம் எல்லாக் களிக்கும் மருந்து ஆகாது. மண்ணில் சோடியம் மிகுந்திருந்தால்தான் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கி, களித்துகள்கள் திரண்டு பொலபொலப்பாக வழி செய்யும். பல ஆண்டுகளாக உப்பு நீர் பாய்ந்த நிலமாக இருந்தால் உங்களுக்குப் பயன்படலாம். மண் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுங்கள். பரிசோதனை முடிவு வரும் வரை தொழுவுரமே போதும்.

உருளைக்கிழங்கைப் போல டேலியாக் கிழங்கின் உடம்பில் எங்கும் முளைவிடும் கண் கிடையாது. தண்டின் அடிப்பாகத்தோடு கிழங்கு சேரும் கழுத்துக்கு மேலே, சிறு குருணை அளவில் புடைத்துத் தெரியும் இடம்தான் கண். கழுத்து முறிந்து தனியாக வந்த கிழங்கு வேர்விட்டாலும் விடும். துளிர் மட்டும் வராது. அதனால், தண்டின் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறதா என்று அந்த இரண்டையும் பாருங்கள். இல்லையென்றால் தொட்டியை வீணாக்க வேண்டாம்.

பாத்தியில் மாற்றும்போது முட்டுக்கொம்பை முதலில் ஊன்றிவிட்டுப் பிறகு செடியை வையுங்கள். பின்னால் ஊன்றினால் கொம்பு கிழங்கைக் குத்திவிடும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்துப் பூ கூடும். தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால், ஆளுயரத்துக்கு இலைதான் மிஞ்சும். சிலந்திப்பேன் பிப்ரவரியில் வரும். இலையின் அடிப்புறத்தில் காலையில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு அடங்கும்.