புதுப்பிப்பு: குரோம் சாளரங்களுக்குச் சொந்தப் பெயர் வைப்பது – தீர்ந்தது

பல குரோம் சாளரங்களைத் திறந்து வைத்தால் எது எந்த வேலைக்கானது என்று தெரியவில்லை, பெயர் வைக்க வழி உண்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இரண்டாவதாக வந்த யோசனை. எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். டேப் வரிசையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நேம் விண்டோ' கொடுத்து, பெயரைத் தட்டினால் போதும். மூன்று புள்ளி மெனுவில் 'மோர் டூல்ஸ்' உள்ளேயும் இதே வசதி இருக்கிறது. அதன்பின் எந்த டேபில் இருந்தாலும் ஆல்ட்+டேப் விசைகளை அழுத்தினால் வரும் சாளரப் பட்டியலில் நாம் வைத்த பெயரே தெரியும். டேபை ரைட் கிளிக் செய்து வேறு சாளரத்துக்கு மாற்றும்போதும் அதே பெயர்கள் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

விண்டோஸ் டாஸ்க்பாரில் மட்டும் முதலில் பெயர் தெரியவில்லை. பொத்தான்களை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பே காரணம். டாஸ்க்பார் செட்டிங்ஸில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்பதை 'நெவர்' ஆக்கியதும் சரியானது.

எதிர்பாராதது ஒன்று: சாளரங்களை ஒவ்வொன்றாக எக்ஸ் அழுத்தி மூடினால், 'விட்ட இடத்திலிருந்து தொடர்' அமைப்பு இருந்தாலும் கடைசியாக மூடியது மட்டுமே திரும்பும். எல்லாம் வேண்டுமென்றால் மெனுவில் 'எக்ஸிட்' கொடுத்தே வெளியேறுங்கள். தவறி மூடிய சாளரத்தை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி மீட்டுத் தரும்.

பதில்களில் வந்த டேப் குரூப் (டேப்களைக் குழுவாக்கும் வசதி) யோசனையும் நல்லதே. ஆனால் அது ஒரு சாளரத்துக்குள் டேப்களைப் பிரிக்கத்தான். சாளரத்தின் பெயரை மாற்றாது.