தமிழின் ஓர் உருபுக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை முன்னிடைச்சொற்கள்?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தில் மின்னஞ்சலும் அறிக்கையும் எழுத வேண்டிய பணியில் இருக்கிறேன். வினைச்சொற்களின் காலம் ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’, ‘பை’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொற்களில் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். தமிழில் ‘இல்’ என்று முடித்துவிடுவதை ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. இதற்கு விதி உண்டா, அல்லது மனப்பாடம் ஒன்றுதான் வழியா?

மறுமொழி 1:
இடத்தைப் பொறுத்தவரை விதி உண்டு. ஒன்றினுள் அடங்கியிருந்தால் ‘இன்’, ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் ‘ஆன்’, இடத்தை ஒரு புள்ளியாக மட்டும் கருதினால் ‘அட்’. ‘ஆன்’ என்பதற்கு ‘மேலே’ என்று பொருள் கற்றுக்கொண்டதுதான் பலருக்கும் இடறல். கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டியிருக்கும் பல்லியும் ‘ஆன் தி சீலிங்’தான். காலத்திற்கும் ஏறக்குறைய இதே முறை: மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்திற்கும் ஆண்டிற்கும் ‘இன்’. ‘அட் நைட்’ போன்ற சில மட்டும் இதில் அடங்கா.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் சிக்கலின் வேர் தமிழ் உருபை ஒற்றைப் பொருளுடையதாக நாம் எண்ணிக்கொள்வதில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்ற பொருள்களைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘அவனால் கோடரியால் வெட்டப்பட்டது’ என்பதில் முதல் ‘ஆல்’ கருத்தா, ஆகவே ‘பை’. இரண்டாவது கருவி, ஆகவே ‘வித்’. ‘நண்பனோடு வந்தான்’ என்பது உடனிகழ்ச்சி, அதற்கும் ‘வித்’தான். ஆகவே உருபைப் பெயர்க்காமல், அந்த இடத்தில் அது என்ன பொருளில் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

சில இடங்களில் தமிழே வழிகாட்டும். ‘ஐந்து மணிக்குள் அனுப்புங்கள்’ என்றால் ‘பை’. ‘ஐந்து மணி வரை காத்திருங்கள்’ என்றால் ‘அன்டில்’. அலுவலக மின்னஞ்சல்களில் இவ்விரண்டும் இடம் மாறுவதுதான் பெரிய தொல்லை. கெடு ஒரு நேரமாக இல்லாமல் கால அளவாக இருந்து, ‘இரண்டு மணி நேரத்திற்குள்’ என்று வந்தால் ‘விதின்’ என்று எழுத வேண்டும். அதேபோல ‘2019 முதல்’ என்பதற்குச் ‘சின்ஸ்’, ‘மூன்று ஆண்டுகளாக’ என்பதற்கு ‘ஃபார்’.

கேட்டவர்:
மிக்க நன்றி. நான் எழுதிய ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதை மேலாளர் அடித்துத் திருத்தினார். ‘பற்றி’ என்ற பொருள் அங்கே தெளிவாக இருக்கிறதே, அது ஏன் பிழை?

மறுமொழி 3:
இங்கேதான் பொருளை வைத்து முடிவு செய்யும் முறை நின்றுவிடுகிறது. முன்னிடைச்சொல் வேண்டுமா என்பதை இங்கே வினைச்சொல்லே தீர்மானிக்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினை செயப்படுபொருளை நேரடியாகக் கொள்ளும். ஆனால் ‘டிஸ்கஷன்’ என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘அபவுட்’ வரலாம். ‘ரிக்வெஸ்ட்’ அதைவிடக் குழப்பமானது: வினையாக வந்தால் ‘ஃபார்’ கூடாது, பெயராக வந்தால் ‘ஃபார்’ வேண்டும், சொல்லோ இரண்டிற்கும் ஒன்றே. இத்தகையவற்றை வினையோடு சேர்த்து முழுத் தொடராகவே குறித்து வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: ‘எனக்கு விளக்கினார்’ என்பதில் ‘கு’ கண்முன்னே இருந்தும், ‘டோல்ட் மீ’ என்ற பழக்கத்தில் ‘எக்ஸ்பிளெயின்ட் மீ’ என்று எழுதிவிடுகிறோம்; அங்கே ‘டு மீ’ என்றே வர வேண்டும்.